வில்லியம் கிரீக்கில் நிற்கிறோம்: ஓடும்போதே எஞ்சின் அணைகிறது, கூபர் பீடி போகலாமா?

தெற்குக்காற்று:
வணக்கம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து கிளம்பி, மேரி என்ற ஊரில் ஊட்னடாட்டா டிராக் எனும் பாலைவன மண் ரோட்டில் ஏறினோம். வண்டி டீசல் ஃபோர் வீல் டிரைவ், 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. மேரியை விட்டதும் ரோடு முழுக்க வரிவரியாக எழும்பிக் கிடந்தது. ஸ்டியரிங் பிடித்த கை மரத்துப்போகிற அளவுக்கு அதிர்வு. கவர்ட் ஸ்பிரிங்ஸ் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் பட்டென்று அணைந்துவிட்டது. சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. வில்லியம் கிரீக் வந்து சேர்வதற்குள் மறுபடியும் அதே கதை. ஹீட் முள் நடுவில்தான் இருக்கிறது. டீசலில் தண்ணீர் இருந்து ஃபில்டர் அடைத்திருக்குமோ?

கூடவே அம்மா இருக்கிறார், 70 வயதைக் கடந்தவர். வடக்கே ஊட்னடாட்டா இன்னும் 200 கிலோமீட்டர், மேற்கே கூபர் பீடி 166. எந்தப் பக்கம் போவது?

செம்மண்பாதை:
எங்கேயும் கிளம்பாதீர்கள் தம்பி. முதலில் ஒன்று சொல்லுங்கள். வண்டியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா?

தெற்குக்காற்று:
இல்லையே! இப்போது காலை எட்டு மணி, அது 1:15 என்கிறது. டிரிப் மீட்டரும் பூஜ்யத்திலிருந்து ஓடியிருக்கிறது.

செம்மண்பாதை:
அப்படியானால் டீசலை விட்டுவிடுங்கள். ஃபில்டர் அடைத்தால் வண்டி முதலில் இழுவை குறையும், மேட்டில் திணறும், ஆக்சிலேட்டரை மிதித்தாலும் ஏறாது. பட்டென்று அணையாது, கடிகாரத்தையும் தொடாது. கடிகாரம் பூஜ்யமாகிறது என்றால் ஒரு நொடியாவது வண்டி முழுவதற்கும் கரண்ட் அறுந்திருக்கிறது. அந்த அதிர்வில் பேட்டரி கிளாம்ப், அதாவது பேட்டரி முனையில் ஒயரைப் பிடித்திருக்கும் கவ்வி, தளர்ந்திருக்கலாம், அல்லது பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுவிட்டுத் தொடுகிறது. அந்த நாட்டுப்பக்கம் வருஷக்கணக்காக வண்டிகளைச் சரிபார்த்தவன் நான், இந்தக் கோளாறை நிறையவே பார்த்திருக்கிறேன்.

எஞ்சினை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்து, இரண்டு கிளாம்பையும் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் தப்பு. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். வெள்ளைப் பூஞ்சை போலப் படிந்திருந்தால் சுரண்டிவிடுங்கள். எவ்வளவு இறுக்கியும் கிளாம்ப் ஆடுகிறதென்றால், மெல்லிய செம்புக் கம்பியை முனையில் ஒரு சுற்றுச் சுற்றி அதன்மேல் இறுக்குங்கள். பேட்டரி பெட்டியையே ஆட்டிப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை தளர்ந்திருந்தால் கிளாம்பை இறுக்கிப் பயனில்லை, பத்து கிலோமீட்டரில் திரும்பவும் தளரும். மைனஸ் ஒயர் பாடியிலும் எஞ்சினிலும் சேரும் போல்ட்டையும் விடாதீர்கள்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் யாரிடமாவது இருந்தால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள். 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்காதீர்கள். சிலர் அதைச் சோதனை என்று சொல்லிக்கொடுப்பார்கள். இப்போதைய வண்டிகளின் கம்ப்யூட்டரே போய்விடும்.

அடிலெய்ட்காரி:
கோளாறை அண்ணா சொல்லிவிட்டார். நான் அம்மாவை நினைத்துச் சொல்கிறேன். சரியானாலும் ஊட்னடாட்டா வேண்டாம். கூபர் பீடி ஸ்டூவர்ட் ஹைவேயில் இருக்கிற ஊர், மருத்துவமனை உண்டு, தார் ரோடும் அங்கிருந்துதான். ஆனால் அந்த 166 கிலோமீட்டரும் மண் ரோடு, நடுவில் கடை கிடையாது. ஆளுக்கு 10 லிட்டர் தண்ணீராவது வண்டியில் இருக்கட்டும். எந்த வழியில், எத்தனை மணிக்குள் சேர்வீர்கள் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். போகும் முன் அந்த ரோடு திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், மழை பெய்தால் மூடிவிடுவார்கள்.

வழியில் நின்றுவிட்டால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வண்டியை விட்டு நடக்காதீர்கள். விமானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டிதான் கண்ணில் படும், மனிதர் படமாட்டார். வண்டிக்கு வண்டி பேசும் யுஎச்எஃப் ரேடியோ இருந்தால் 40-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். லாரிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருப்பது அதில்தான். உயிர் ஆபத்து என்றால் 5 அல்லது 35. ஆபத்தில் நம் இருப்பிடத்தைச் சிக்னலாக அனுப்பும் அவசர பீக்கன் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெற்குக்காற்று:
மைனஸ் கிளாம்ப் விரலாலேயே சுற்றியது! பேட்டரி பட்டையின் ஒரு நட்டைக் காணவே காணோம். பக்கத்தில் கேம்ப் போட்டிருந்த பெரியவர் நட்டும் மல்டிமீட்டரும் கொடுத்தார். 14.1 காட்டுகிறது. ரோடு திறந்திருக்கிறது என்றார்கள். கூபர் பீடிக்கே போகிறோம்.

செம்மண்பாதை:
நல்லது. டயர் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். 38 பிஎஸ்ஐ இருந்தால் 28 போதும், வேகம் 80-ஐத் தாண்ட வேண்டாம். அதிர்வு பாதியாகும். அரை மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி அந்தக் கிளாம்பைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்து இரும்பைவிடச் சுட்டால் இன்னும் சரியாகத் தொடவில்லை, கழற்றிச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள். கூபர் பீடியில் புதுக் கிளாம்ப் போட்டுவிட்டு, தார் ரோடு ஏறும் முன் டயருக்குக் காற்று அடித்துவிடுங்கள்.