எண்டவ்மென்ட்: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

முதுகலை மாணவர்களுக்குக் 'கலை நிர்வாகம்' என்று ஒரு விருப்பப் பாடத்தைத் தமிழ்வழியில் தொடங்குகிறோம். சபா, நாடகக் குழு, அருங்காட்சியகம், நாட்டுப்புறக் கலைஞர் சங்கம் போன்றவற்றை லாபநோக்கில்லாமல் நடத்துவது எப்படி என்பதுதான் பாடம். நான்காம் அலகு நிதி. நன்கொடை, மானியம், சந்தா, நுழைவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. எண்டவ்மென்ட்டில் வந்து நிற்கிறேன். அசலைத் தொடாமல் முதலீடு செய்து, வருகிற வருமானத்தை மட்டும் குறித்த காரியத்துக்குச் செலவழிக்கிற ஏற்பாடு. 'அறக்கட்டளை' என்று போட்டால் டிரஸ்டுக்கும் அதே சொல். "ஓர் அறக்கட்டளை தன் அறக்கட்டளையிலிருந்து" என்று தொடங்கும் வாக்கியத்தை மாணவர் எப்படிப் படிப்பார்? 'அறநிலையம்' என்றால் அறநிலையத் துறை, கோயில், உண்டியல் என்று போய்விடும். பாடத்திட்டக் குழு வியாழக்கிழமை கூடுகிறது.

– செ.ந.

• • •

செ.ந. அம்மாவுக்கு,

புதுச்சொல் எதற்கு? கல்வெட்டிலேயே இருக்கிறது: நிவந்தம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வருகிற ஒரு பங்கும் கொடுத்தான். நட்டுவம் செய்வார், பாடுவார், கொட்டுவார், கணக்கெழுதுவார் என எல்லாருக்கும் பங்கு உண்டு. ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்பது வரை எழுதிவைத்திருக்கிறான். உங்கள் பாடத்துக்கு அந்தக் கல்வெட்டையே முதல் அலகாக வைக்கலாம்.

– சு.வே., புதுக்கோட்டை

• • •

> புதுச்சொல் எதற்கு? கல்வெட்டிலேயே இருக்கிறது: நிவந்தம்.

நிபந்தம் என்ற வடசொல்தான் வேட்டி கட்டிக்கொண்டு நிவந்தமாக வந்து நிற்கிறது, ஐயா. அது போகட்டும். அம்மா கேட்பது அசல் அழியாமல் பலன் மட்டும் வருவதற்கான சொல். நிவந்தம் என்றால் ஒதுக்கீடு, அவ்வளவுதான். அதில் அசலும் தெரியவில்லை, வட்டியும் தெரியவில்லை.

கல்வெட்டுக்கே போவதானால் விளக்குக்குப் போங்கள். அணையாமல் எரியும் ஒரு நொந்தா விளக்குக்கு 96 ஆடு. நாள்தோறும் உழக்கு நெய். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாவது செத்தாலும் ஈனுவது ஈன்று, கணக்கில் 96 என்றைக்கும் 96தான். திருச்செந்தூரில் பாண்டியன் வரகுணன் 1400 காசை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து, முதல் கெடாமல் பொலி மட்டும் வரும்படி செய்தான். பொலி என்றால் வட்டி. பொலிசை, பொலியூட்டு என்றெல்லாம் வரும். ஆகவே என் பரிந்துரை 'பொலிமுதல்'. தூய தமிழ், பொருளும் துல்லியம்.

– அ.பொ.

• • •

நண்பர் அ.பொ. கொங்கு நாட்டுப் பக்கம் வந்ததில்லை என்று தெரிகிறது. எங்கள் வகுப்பில் 'பொலி' என்று கரும்பலகையில் எழுதினால் பின்பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். பொலிகாளை, சார். களத்தில் நெல்லளக்கும்போது "பொலி, பொலி" என்ற தாத்தாக்கள் போய்விட்டார்கள். காளை மட்டும் இருக்கிறது.

– ம., பொள்ளாச்சி

• • •

சிரித்தால் சிரிக்கட்டும். சிரித்த சொல் மறக்காது. காளையும் பெருக்கத்துக்குத்தானே வைத்திருக்கிறீர்கள்?

– அ.பொ.

• • •

வணக்கம். எனக்கு இலக்கணம் அதிகம் தெரியாது. கலை அமைப்புகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறேன். எங்கள் உலகத்தில் இதற்கு 'கார்பஸ்', வேறு பெயரே கிடையாது. 1961 வருமானவரிச் சட்டத்தின் 11(1)(டி) பிரிவில் வரிச்சலுகையோடு வந்தது இதுதான். கொடுப்பவர் "இது கார்பஸுக்கு" என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தச் சலுகை. எழுதாமல் கொடுத்தால் அது சாதாரண நன்கொடை. வந்த ஆண்டிலேயே 85 சதவீதம் செலவழிக்க வேண்டிய கணக்கில் சேர்ந்துவிடும். பல சபாக்காரர்களுக்கு இந்த ஒரு வரிக் கடிதம் தெரியாது. சொல் எதுவானாலும் இதைப் பாடத்தில் சேருங்கள்.

இன்னொன்று. அந்த ஆடு நம் வைப்புத்தொகையைவிடக் கெட்டி. பாட்டி பெயரில் கச்சேரி வைக்கச் சொல்லி 1980இல் ஒருவர் 10,000 ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசல் அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை. இன்று 7 சதவீத வட்டிக்கு 700 ரூபாய். மிருதங்கக்காரருக்கு ஆட்டோ காசு. ஆடு நெய்யாகவே கொடுத்ததால் விலைவாசி அதை ஒன்றும் செய்யவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு 4, 5 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் மிச்சத்தை அசலோடு சேர்ப்பது இதனால்தான். 'முதல் கெடாமை' என்றால் எண் கெடாமையா, மதிப்புக் கெடாமையா என்று மாணவரிடம் கேளுங்கள்.

– ர.கி.

• • •

ர.கி. சொன்ன ஆட்டுக் கணக்கை அப்படியே பாடத்தில் போடப் போகிறேன், அனுமதி உண்டா? ஆனால் சொல் இன்னும் வரவில்லை!

– செ.ந.

• • •

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். எங்களுக்கு இந்தச் சிக்கலில் பாதிதான். டிரஸ்டை நாங்கள் 'நம்பிக்கைப் பொறுப்பு' என்போம். ஆகவே அறக்கட்டளை என்று நீங்கள் எழுதினால் எங்களுக்குக் குழப்பம் வராது, குழப்பம் உங்களுடையது. ஃபண்டுக்கு 'நிதியம்' என்று நெடுங்காலமாக எழுதுகிறோம். மத்திய கலாசார நிதியம் 1980இல் சட்டப்படி வந்தது. 'நிலைநிதியம்' என்று வைத்தால் என்ன?

– த.

• • •

நிலைநிதியம் நல்ல சொல்தான். ஆனால் இங்கே 'நிலை வைப்பு' என்று வங்கியில் பலகை தொங்குகிறது. மாணவர் ஐந்தாண்டு எஃப்.டி. என்று நினைத்துக்கொள்வார்.

நொந்தா விளக்கை 'நந்தா விளக்கு' என்றும் சொல்வதுண்டு. அதிலிருந்து 'நந்தாமுதல்' எடுக்கலாமே. நந்துதல் என்றால் கெடுதல், நந்தா, கெடாத. ஆனால் அதே நந்துதலுக்கு வளர்தல் என்றும் பொருள் உண்டு என்பதுதான் அழகு. 'நத்தம்போல் கேடும்' என்ற குறளுக்குப் பரிமேலழகர், நந்து நத்தாகி, அம் சேர்ந்து நத்தம் ஆயிற்று, அதாவது ஆக்கம், என்கிறார். ஒரே வேரில் கேடும் ஆக்கமும் இருக்கின்றன. அப்படியானால் நந்தா என்பது கெடாததா, வளராததா? இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

– சு.வே.

• • •

ஐயா, வளராத முதல் என்றால் ர.கி.யின் 700 ரூபாய்க் கச்சேரிதான். மேலும் எங்கள் ஊரில் நத்தம் என்றால் நத்தம் புறம்போக்கு. பட்டா கேட்டு வருவார்கள்.

– ம.

• • •

சொல்லைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், பொருளை நாம் பார்த்திருக்கிறோமா? ஹார்வர்ட் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டினோமே, அது இதுதான். 10 கோடி ரூபாய் தமிழக அரசே கொடுத்தது. அப்போது எல்லாரும் 'இருக்கை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டோம். நாற்காலிக்கு அடியில் இருந்த பணத்துக்குப் பெயர் வைக்கவில்லை. "ஒரு பேராசிரியருக்கு எதற்கு இத்தனை கோடி" என்று என் மாமாவே கேட்டார். அது ஒரே ஆண்டில் செலவாகிவிடும் பணம் என்று நினைத்துவிட்டார்.

நான் நாடகக்காரன். எங்களுக்குத் திட்ட மானியம் கிடைக்கும், புதிய நாடகத்துக்கு. ஒத்திகைக் கூடத்து வாடகைக்கும், மேலாளர் சம்பளத்துக்கும், கரண்டு பில்லுக்கும் ஒருவரும் தரமாட்டார். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் கலைக்கும் இடம் உண்டு, 2013 சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் கேட்கப் போனால் பேனரில் பெயர் எங்கே வரும் என்பார்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் 2020க்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூடம் பூட்டாமல் இருக்க ஒரே வழி அம்மா சொல்கிற இந்தப் பணம்தான். ஆகவே 'முதல்' என்ற சொல் கட்டாயம் வேண்டும். தொடாதே என்று அது சொல்கிறது. 'நிலைமுதல்' என்று வையுங்கள், போதும்.

– கு., சென்னை

• • •

கு. சொல்வது சரி. 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்' என்று வள்ளுவரும் முதலைத்தான் பிடிக்கிறார். எனக்குப் பொலிமுதல்தான். பெரும்பான்மை நிலைமுதல் என்றால் தடையில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள்.

– அ.பொ.

• • •

எனக்கு நிலைமுதல் சம்மதம். அடைப்புக்குள் கார்பஸ் என்றும் போடுங்கள். இல்லாவிட்டால் மாணவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆடிட்டர் முன் விழிப்பார்.

– ர.கி.

• • •

நிலைநிதியத்தையே நாங்கள் வைத்துக்கொள்கிறோம். உங்களுக்கு நிலைமுதல், எங்களுக்கு நிதியம். கணினி, கணனி போல இதுவும் போகட்டும்.

– த.

• • •

அனைவருக்கும் நன்றி. குழு கூடியது. 'நிலைமுதல்' போட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் கார்பஸ் சேர்த்தேன். துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து வந்தவர், "அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று அழைப்பிதழ் அடிக்கிறோமே, அதையும் மாற்ற வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். ஆட்டுக் கணக்கு எல்லாருக்கும் பிடித்தது.

– செ.ந.

• • •

அம்மா, 'நிலைமுதல் ஆண்டறிக்கை' என்று எழுதிப் பாருங்கள். நிலையான முதலாமாண்டு அறிக்கையா, முதலின் ஆண்டறிக்கையா? நிவந்தத்தில் இந்தத் தொல்லை இல்லை.

– சு.வே.