தகரக் கூரை வீட்டில் 45,000 ரூபாய் ஹெட்ஃபோன்: வாங்கலாமா?

தொப்பிநாதம் (கோத்தகிரி) கேட்டது:

வணக்கம். கோத்தகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். 8 ஆண்டுகளாக மிருதங்கம் கற்றுவருகிறேன். இரவு ஒன்பதரை மணிக்கு மகள் தூங்கிய பிறகுதான் கச்சேரி கேட்க நேரம் கிடைக்கும். வீட்டில் இரண்டே அறைகள். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரப் பாட்டி இருக்கிறார். ஸ்பீக்கருக்கு வழியில்லை. 1,800 ரூபாய்க்கு வாங்கிய இயர்போனில்தான் 4 ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன்.

சென்ற மாதம் கோவையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது அவருடைய ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிவிட்டார். ‘ஓபன் பேக்’ என்கிறார்களே, காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் சல்லடை போல் திறந்திருக்குமே, அந்த வகை. விலை 45,000 ரூபாய். எனக்கு மனப்பாடமான ஒரு தனி ஆவர்த்தனத்தை, அதாவது கச்சேரியில் மிருதங்கம் தனித்து ஒலிக்கும் பகுதியை, ஓடவிட்டேன். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடந்தலையில், வித்வான் மணிக்கட்டின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தும்போது கும்கி என்ற தாழ்ந்த நாதம் வழுக்கி மேலேறுவது, ஏறி எங்கே நிற்கிறது என்பது வரை கேட்டது. என் இயர்போனில் அந்த இடம் வெறும் ‘தொம்’ என்றுதான் கேட்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மலையேறும்போது முழு வழியும் அந்தக் கும்கிதான் காதில் இருந்தது.

சம்பள நிலுவைத் தொகை 48,000 ரூபாய் வந்திருக்கிறது. "உங்களுக்கென்று எதுவும் வாங்கியதில்லை, வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் மனைவி. அவர் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு இன்னும் தயக்கம். 45,000 ரூபாய் ஹெட்ஃபோன் 12,000 ரூபாய் ஹெட்ஃபோனைவிட உண்மையிலேயே அவ்வளவு மேலானதா? அல்லது விலையைக் கேட்ட பிறகு என் காது அப்படி நம்பிவிட்டதா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

ராகமாலிகை (உதகை) எழுதியது:

வாங்குங்கள் சார். நான் 2019இல் 40,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒன்று வாங்கினேன். ஒரு நாளும் வருந்தியதில்லை. போன் மூன்று ஆண்டில் பழசாகிவிடும். நல்ல ஹெட்ஃபோன் அப்படி ஆகாது. சென்ஹைசர் எச்டி 600 சந்தைக்கு வந்தது 1997இல். இன்றைக்கும் அதை விரும்பி வாங்குகிறார்கள். மெத்தை, வயர் எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். 15 ஆண்டுகள் உழைத்தால் 45,000 ரூபாய் மாதத்துக்கு 250 ரூபாய்தான். கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டுமா?

தேயிலைநாக்கு (குன்னூர்) எழுதியது:

தம்பி, அவசரப்படாதீர்கள். குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்து மதிப்புப் போடும் வேலையில் 31 ஆண்டுகள் இருந்தவன் நான். வீணை கேட்பதில் பித்து. இருபதுக்கும் மேற்பட்ட ஹெட்ஃபோன்களைக் கேட்டிருக்கிறேன். நான்கை வாங்கி, இரண்டை விற்றிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் தொழிலிலேயே விடை இருக்கிறது.

சுவைக்கும் மேசையில் நாற்பது, ஐம்பது கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் தராசில் நிறுத்த அதே எடைத் தூள், அதே அளவு கொதிநீர், மணி பார்த்து அதே நிமிடங்கள். தோட்டத்தின் பெயர் எங்கள் கண்ணில் படாது. கரண்டியால் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கின் மேல் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவோம். ஏன் இவ்வளவு கறார்? ஒரு கோப்பையில் ஒரு சிட்டிகை தூள் கூடிவிட்டால் போதும், அதுதான் உயர்ந்த தேயிலை என்று நாக்கு சொல்லிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நானே அப்படி ஏமாந்திருக்கிறேன்.

ஒலியிலும் அந்தச் சிட்டிகை உண்டு. அதுதான் சத்தம். இரண்டு ஹெட்ஃபோன்களில் ஒன்று சிறிதளவு உரக்க ஒலித்தாலும் காது அதைச் ‘சத்தமானது’ என்று உணராது. ‘தெளிவானது, ஆழமானது’ என்றுதான் உணரும். குறிப்பாக, சத்தம் குறைந்தால் தாழ்ந்த ஒலிகள்தாம் முதலில் தேய்ந்து போகும். உங்கள் தொப்பி முழுக்க அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. கோவையில் நண்பர் ஆம்ப்ளிஃபையரை எந்த அளவில் வைத்திருந்தார், வீட்டில் மகள் தூங்கும்போது நீங்கள் எந்த அளவில் கேட்கிறீர்கள்? முதலில் இதற்கு விடை தேடுங்கள்.

விலையைப் பற்றி ஒரு செய்தி. 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து வெளியிட்டார். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒரு ஹெட்ஃபோன் எந்த விகிதத்தில் தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு இல்லை என்பது அவர் கண்டது. விலை உயர்ந்தவை எல்லாம் மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. விலைச்சீட்டு உங்களுக்காகச் சுவைத்துச் சொல்லாது, அவ்வளவுதான். பெட்டியின் மேல் 40,000 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதையும் பார்க்காதீர்கள். மனிதக் காது இளமையிலேயே 20,000ஐத் தாண்டுவதில்லை. எனக்கு 61 வயது, அதில் பாதிக்கு மேல் கேட்பதே சிரமம்.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? என் அனுபவத்தில் 10,000 முதல் 15,000 ரூபாய் வரை ஒலியே தெளிவாக மேம்படுகிறது. அதற்கு மேல் மூன்று மணி நேரம் மாட்டினாலும் தலை வலிக்காத அமைப்பு, உதிரிப் பாகங்கள், உறுதியான உலோகம், கூடவே ஒரு விசாலம். பாட்டு காதுக்குள் ஒட்டிக்கொண்டிருக்காமல் சற்றுத் தள்ளி நின்று கேட்கும். அந்த விசாலம் உண்மையானது. அதற்கு நானும் பணம் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது கும்கி அல்ல.

ஒரு சோதனை சொல்கிறேன். ஹெட்ஃபோனில் பெயரை முழுமையாக மறைக்க முடியாது; தலையில் வைத்ததுமே எடையும் மெத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ‘எது பிடித்திருக்கிறது’ என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். நீங்கள் மிருதங்கம் படிப்பவர். இதுவரை கேட்காத தனி ஆவர்த்தனத்திலிருந்து ஒரே நடையில் ஓடும், ஒரே நீளமுள்ள துண்டுகளை உங்கள் வீட்டம்மா தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு ஹெட்ஃபோனுக்கும் ஒரு துண்டு. சத்தத்தைச் சமமாக வைத்து, ஒரே ஒரு முறை கேட்டு, தொப்பியில் விழுந்த அடிகளை எழுதுங்கள். பிறகு வேகத்தைக் குறைத்துப் போட்டுச் சரிபாருங்கள். கேட்டதா இல்லையா என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும். இன்னொன்று: சோதனையை உங்கள் வீட்டில், உங்கள் இரவில் செய்யுங்கள்.

இரவாடி (கூடலூர்) எழுதியது:

ஐயா சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள் சார். கோத்தகிரிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். தகரக் கூரையில் அது கொட்டும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஓபன் பேக் வகை வெளிச்சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. அதன் பாட்டும் வெளியே கசியும். ஒரே அறையில் மகள் தூங்கினால் அதையும் யோசியுங்கள். ஒலிப்பதிவுக்கூடங்களில் பாடுபவர் மாட்டிக்கொள்வது மூடிய வகைதான். 1991இல் வந்த சோனி எம்டிஆர் 7506 அந்த வகை. இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அடுத்தது ஓம், அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை அளவு. எச்டி 600 போன்றவை 300 ஓம். போனில் செருகும் சிறு மாற்றியால் அவற்றைப் போதிய பலத்தோடு ஒலிக்க வைப்பது கடினம். தனி ஆம்ப்ளிஃபையர் என்றால் இன்னும் எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் சேரும். உங்கள் 48,000 அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஈரத்தை மறக்காதீர்கள். காட்டு ஒலிகளைப் பதிவு செய்வது என் பழக்கம். முதலில் வாங்கிய ஹெட்ஃபோனின் தோல் மெத்தை இரண்டு மழைக்காலத்தில் கரிப்பொடி போல் உதிர்ந்து காதெல்லாம் ஒட்டியது. உள்ளே இருந்த பஞ்சு பிசுபிசுத்துவிட்டது. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வைக்கிறேன். தனி மெத்தை விற்பனைக்குக் கிடைக்கிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

எதை வாங்கினாலும் மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டப் பாதையில் நடக்க வேண்டாம். உங்கள் பக்கம் கரடியும் காட்டெருமையும் ஊருக்குள்ளேயே வருகின்றன. காது திறந்திருப்பது நல்லது.

தொப்பிநாதம் (கோத்தகிரி), ஐந்து வாரம் கழித்து எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ராகமாலிகை அண்ணன் தம்முடைய ஹெட்ஃபோனையும் ஆம்ப்ளிஃபையரையும் உதகையிலிருந்து தாமே கொண்டுவந்து ஒரு வாரம் என்னிடம் விட்டுச் சென்றார். இந்த அன்பை மறக்க மாட்டேன். சக ஆசிரியர் ஒருவரிடம் 12,000 ரூபாய் விலையுள்ள மூடிய வகை ஒன்றை இரவல் வாங்கினேன்.

சத்தத்தைச் சமப்படுத்துவதே பாதி வேலை ஆகிவிட்டது. அட்டையில் ஓட்டை போட்டு, அதில் போனின் மைக்கைப் பொருத்தி, தம்புரா சுருதியை ஓடவிட்டு ஒவ்வொன்றையும் அளந்தேன். இயர்போனை அப்படி அளக்க முடியவில்லை. அதைக் காதாலேயே ஒப்பிட்டு வைத்தேன். மூன்று இரவுகள் மனைவி துண்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மழை இல்லாத முதல் இரண்டு இரவுகளின் கணக்கு இது: 64 தொப்பி அடிகளில் இயர்போனில் 19 தவறு, மூடிய வகையில் 5, ஓபன் பேக்கில் 4. ஐந்துக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று என் மாணவர்களுக்கே சொல்வேன். கும்கி எங்கே நிற்கிறது என்பது இரண்டிலும் கேட்டது. கோவையில் நான் கேட்டது பொய்யில்லை. ஆனால் அதற்கு 45,000 ரூபாய் தேவையில்லை.

மூன்றாம் இரவு மழை. ஓபன் பேக்கில் தம்புராவே கூரையோடு கரைந்துபோய்விட்டது. பாதித் தாளை எழுதாமலே வைத்துவிட்டேன். மூடிய வகையில் 9 தவறு.

ஐயா சொன்ன விசாலத்தையும் சொல்ல வேண்டும். சோதனையெல்லாம் முடிந்து, மழை விட்ட ஒரு நள்ளிரவில், எழுதுகோலை வைத்துவிட்டு அண்ணனின் ஹெட்ஃபோனில் ஓர் ஆலாபனை கேட்டேன். வயலின் என் இடப்பக்கம் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தது. பாடகர் மூச்செடுக்கும்போது அவருக்குப் பின்னால் அரங்கு இருப்பது தெரிந்தது. மூடிய வகையில் இது இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது மனம் கனத்தது.

மூடிய வகையையே வாங்கிவிட்டேன். மெத்தை தனியாகக் கிடைக்கிறது. 38 ஓம் என்பதால் போனில் செருகும் மாற்றியே போதுமானதாக இருக்கிறது. டப்பா, சிலிக்கா ஜெல் உட்பட 13,400 ரூபாய். என் மிருதங்கத்தின் இடந்தலை இந்த ஈரத்தில் தளர்ந்து எத்தனை ரவைப் பசை வைத்தாலும் ஒலிக்காமல் கிடந்தது. அதன் மூட்டை, அதாவது தோல் முகத்தை, மாற்றக் கோவைக்குக் கொடுத்திருக்கிறேன். தை மாதம் வானம் தெளிந்த பிறகு ஒருமுறை உதகைக்கு வந்து அந்த ஆலாபனையை மீண்டும் கேட்க வேண்டும். அண்ணன் அனுமதிப்பார் என்று நம்புகிறேன்.

ராகமாலிகை (உதகை) எழுதியது:

தை வரை எதற்கு? வருகிற ஞாயிறே வாருங்கள். மிருதங்கம் வந்துவிட்டால் அதையும் எடுத்து வாருங்கள்.