அழைக்காமல் வந்து கதவைத் தட்டுவது ஊழியமா, தொந்தரவா?

வைகைக்கரை எழுதியது:

அப்பா காலமாகி இன்னும் ஓராண்டு ஆகவில்லை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார். சென்ற மாதம் நான் வேலைக்குப் போயிருந்தபோது இரண்டு பெண்கள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். வெயிலில் வந்தவர்கள் என்று அம்மா உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறார். கூடத்தில் மாலை போட்டிருக்கும் அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "இவரை இதே பூமியில் மறுபடியும் பார்க்க முடியும் என்று சொன்னால் நம்புவீர்களா அம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். மாலையில் நான் வந்தபோது மேசையில் அவர்களுடைய 'காவற்கோபுரம்' இதழ் கிடந்தது. அடுத்த வாரமும் வந்திருக்கிறார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லியே பேச்சைத் தொடங்கினார்களாம்.

எந்த மதத்தின் மீதும் எனக்கு வெறுப்பு இல்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற அந்தக் கிறித்தவப் பிரிவினர் தங்கள் மன்றத்தில் என்ன வேண்டுமானாலும் போதிக்கட்டும். விரும்பியவர்கள் போய்க் கேட்கட்டும். அழைக்காத வீட்டுக்கு ஏன் வர வேண்டும்? அதிலும் துக்கம் ஆறாத ஒருவரிடம் இறந்தவரைப் பற்றிப் பேசி இடம் பிடிப்பது எந்த வகையில் நியாயம்?

பிரஸ்தாபி எழுதியது:

ஐயா, நான் யெகோவாவின் சாட்சிகளில் ஒருவன். உங்கள் தந்தையின் மறைவுக்கு என் வருத்தத்தைச் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

நாங்கள் வருவதற்குக் காரணம் கட்டளை. மத்தேயு 28ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களைச் சகல ஜாதிகளிடமும் போகச் சொன்னார். உட்கார்ந்து காத்திருக்கச் சொல்லவில்லை. பவுல் தம்முடைய ஊழியத்தை 'வீடுகள்தோறும்' செய்ததாக அப்போஸ்தலர் 20:20இல் சொல்கிறார். எசேக்கியேல் 33இல் ஒரு காவல்காரன் வருகிறான். பட்டயம் வருவதைக் கண்டும் அவன் எக்காளம் ஊதாமல் இருந்தால், செத்தவனுடைய இரத்தப்பழி அவன் மேல் விழும். இந்த உலக ஒழுங்கு முடிவுக்கு வரும் என்பதை நாங்கள் பேச்சுக்காகச் சொல்வதில்லை, உண்மையாகவே நம்புகிறோம். அப்படி நம்பிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குச் சொல்லாமல் இருந்தால், நாங்கள் என்ன மனிதர்கள்?

இதற்குச் சம்பளம் கிடையாது. காலையில் சிறு கூட்டம் கூடி ஜெபம் செய்துவிட்டு, எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரதேசத்துக்கு இரண்டு இரண்டு பேராகப் போகிறோம். 1930களில் எங்களுக்கு முன்னிருந்தவர்கள் கிராமபோன் பெட்டியைச் சுமந்துபோய் வாசலில் இசைத்தட்டை ஓடவிட்டார்கள். இன்று டேப்லெட்டில் வீடியோ காட்டுகிறோம். கதவு மட்டும் மாறவில்லை.

உயிர்த்தெழுதல் எங்கள் நம்பிக்கையின் மையம். துக்கத்தில் இருக்கும் ஒருவரைப் பார்த்த பிறகும் அதைச் சொல்லாமல் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வருவதுதான் எங்களுக்கு நேர்மையற்ற செயல்.

நாசரேத்தூரான் எழுதியது:

நானும் பைபிள் வாசிக்கிறவன்தான். தலைமுறைகளாகத் திருச்சபையில் இருக்கும் குடும்பம். சகோதரர் பிரஸ்தாபி விட்டுவிட்ட வசனம் ஒன்று இருக்கிறது. லூக்கா 10:7இல், எழுபது பேரை அனுப்பும்போது, வீட்டுக்கு வீடு போக வேண்டாம் என்று இயேசுவே சொல்கிறார். அப்போஸ்தலர் 20இல் பவுல் பேசுவது எபேசு சபையின் மூப்பர்களிடம். ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்தவர்களின் வீடுகளில் போதித்ததைத்தான் அவர் சொல்கிறார் என்று படிக்க எல்லா இடமும் இருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் திருச்சபை வளர்ந்த விதத்தைப் பாருங்கள். மிஷனரி ரேனியஸ் காலத்திலிருந்து பள்ளிக்கூடம், மருத்துவமனை, பஞ்சத்தில் கஞ்சி, நிலமற்றவர்களுக்குக் குடியிருப்பு என்று ஊரோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். யாரும் இரண்டு பக்கத் துண்டுப் பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகவில்லை. ஞானஸ்நானம் பெற்ற எங்கள் வீடுகளையும் விடாமல் தட்டுகிறார்கள் என்பதையும் வைகைக்கரை ஐயா தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கணக்கில் நாங்களும் இன்னும் சத்தியத்துக்கு வெளியே இருப்பவர்கள்.

பிரஸ்தாபி எழுதியது:

லூக்கா 10ஐ இரண்டு வசனம் முன்னாலிருந்து வாசியுங்கள் சகோதரரே. ஐந்தாம் வசனத்தில் 'எந்த வீட்டில் பிரவேசித்தாலும்' என்று வருகிறது. அப்படியானால் வீடுகளுக்குப் போனார்கள். ஏழாம் வசனம் தங்குவதைப் பற்றியது. நல்ல சாப்பாடு கிடைக்கும் வீட்டைத் தேடி இடம் மாறாதீர்கள் என்பதே அதன் பொருள். அப்போஸ்தலர் 20:21இல் பவுல் யூதருக்கும் கிரேக்கருக்கும் மனந்திரும்புதலைச் சாட்சியாக அறிவித்ததாகச் சொல்கிறார். ஏற்கெனவே மனந்திரும்பியவர்களிடம் போய் மனந்திரும்புங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

வழக்காடி எழுதியது:

வசனச் சண்டையை நீங்கள் தொடருங்கள். நான் சட்டத்தைச் சொல்கிறேன். இந்த வாசற்படி உரிமை உலகம் முழுவதும் பெரும்பாலும் யெகோவாவின் சாட்சிகளுடைய வழக்குகளால்தான் வரையறுக்கப்பட்டது.

நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் மதத்தைப் பரப்பும் உரிமை இருக்கிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அந்தச் சொல்லை எடுத்துவிடச் சொல்லி லோகநாத் மிஸ்ரா கடுமையாக வாதாடினார். சென்னையிலிருந்து போயிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தாம் பல ஆண்டுகள் கிறித்தவக் கல்வி நிறுவனங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று பதில் சொன்னார். சொல் நிலைத்தது. 1977இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஓர் எல்லை போட்டது: கொள்கையை எடுத்துச் சொல்லலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது. அந்தத் தீர்ப்போடு எனக்கு மனத்தாங்கல் உண்டு. கேட்பவர் மனம் மாறக்கூடாது என்றால் எடுத்துச் சொல்வதற்கு என்ன பொருள்? அது தனி விவாதம்.

வைகைக்கரையின் கேள்விக்கு நெருக்கமான வழக்கு அமெரிக்காவில் நடந்தது. ஓஹையோ மாநிலத்தின் ஸ்ட்ரதர்ஸ் ஓர் இரும்பாலை ஊர். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் நிறைய. அவர்கள் தூக்கம் கெடக்கூடாது என்று, துண்டறிக்கை கொடுப்பதற்காக அழைப்பு மணியை அடிப்பதையே நகராட்சி தடைசெய்தது. நியாயமான காரணம்தான். ஆனாலும் 1943இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. வந்தவரோடு பேசுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். அவருக்காக நகராட்சி முன்கூட்டியே தீர்மானிக்கக் கூடாது. வேண்டாம் என்று பலகை மாட்டினால் அதை மீறுபவரைத் தண்டிக்கலாம்.

கிரீஸ் நாட்டில் இதன் மறுபக்கம் நடந்தது. யெகோவாவின் சாட்சியான மினோஸ் கொக்கினாக்கிஸ் என்ற முதியவரும் அவர் மனைவியும் 1986 மார்ச்சில் கிரீட் தீவில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சிறிது நேரம் பேசினார்கள். அது உள்ளூர் ஆர்த்தடாக்ஸ் ஆலயப் பாடகரின் வீடு. பேசிக்கொண்டிருந்தது பாடகரின் மனைவியோடு; போலீசைக் கூப்பிட்டது பாடகர். கொக்கினாக்கிஸ் அதற்கு முன்பே மதமாற்ற முயற்சி என்ற இதே குற்றச்சாட்டில் அறுபது முறைக்கு மேல் கைது செய்யப்பட்டவர். 1993இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சாட்சி சொல்வது வேறு, ஆசை காட்டியோ பலவீனத்தைப் பயன்படுத்தியோ இழுப்பது வேறு என்று அது கோடு கிழித்தது.

ஐயா, மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்கிறேன். மோர் கொடுத்து உட்காரவைத்தவர் உங்கள் அம்மா. அந்த வீட்டில் தீர்மானிக்க வேண்டியவர் அவரா, நீங்களா?

வைகைக்கரை எழுதியது:

அம்மாவின் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்களே சொன்ன கோட்டைப் பாருங்கள்: பலவீனத்தைப் பயன்படுத்துவது. கணவரை இழந்து தனியாக இருப்பவரிடம் 'அவர் திரும்பி வருவார்' என்று சொல்வது எந்தப் பக்கம் விழும்? அடுத்த வாரம் அப்பாவின் பெயரைச் சொன்னார்களே, அது எங்கே எழுதப்பட்டிருந்தது? இன்னும் யார் யார் கையில் அந்தக் குறிப்பு இருக்கிறது?

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து 2022 செப்டம்பர் வரை இவர்கள் கதவு தட்டுவதை உலகம் முழுவதும் நிறுத்திவைத்தார்கள். கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் பேசினார்கள். கட்டளை அப்போதும் இருந்தது அல்லவா? கதவு இல்லாமலும் நிறைவேற்ற முடிந்தது அல்லவா?

வழக்காடி எழுதியது:

குறிப்பு பற்றிய கேள்வி சரியான கேள்வி. பின்லாந்தில் இதே பிரச்சினை எழுந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. வீடு வீடாகப் போகிறவர்கள் எழுதிவைக்கும் பெயர், முகவரி, குடும்ப நிலை, நம்பிக்கை எல்லாம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அதற்கு எழுதியவரோடு அமைப்பும் பொறுப்பு என்று 2018 ஜூலையில் தீர்ப்பு வந்தது. குறிப்பை அழித்துவிடச் சொல்லி நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

காயல்பட்டினத்தான் எழுதியது:

எங்கள் பக்கத்திலும் இது உண்டு என்பதால் எழுதுகிறேன். தப்லீக் ஜமாஅத் என்ற எங்கள் மார்க்கப் பணி இயக்கத்தில் இதற்குக் கஷ்த் என்று பெயர். அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு சிலர் பள்ளிவாசலிலிருந்து கிளம்புவோம். வழிகாட்ட ஓர் ஊர்க்காரர், பேச ஒருவர், பொறுப்புக்கு அமீர் என்ற தலைவர். பள்ளியிலேயே ஒருவர் துஆவில், அதாவது பிரார்த்தனையில் இருப்பார். போகும்போது பார்வை தாழ்ந்திருக்க வேண்டும். கதவைத் தட்டிவிட்டு நேர் எதிரே நிற்கக் கூடாது. ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், உள்ளே கண் போய்விடக் கூடாது என்பதற்காக. ஆண்கள் வீட்டில் இல்லை என்று பதில் வந்தால் அப்படியே திரும்பிவிட வேண்டும்.

பெரிய வேறுபாடு, நாங்கள் முஸ்லிம் வீடுகளுக்கு மட்டுமே போகிறோம். தொழுகைக்கு வாருங்கள் என்று எங்கள் ஆட்களையே கூப்பிடுகிறோம். மவ்லானா இல்யாஸ் டெல்லிக்குத் தெற்கே மேவாத் பகுதியில் இதைத் தொடங்கியபோதே நோக்கம் அதுதான். முதலில் திருந்த வேண்டியவன் நடந்துபோகிறவன் என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது நம் ஆணவம் உடைய வேண்டும். மூன்று நாள், நாற்பது நாள் என்று சொந்தச் செலவில் போகிறவர்களை ஊரார் ஏளனம் செய்யலாம். பல இளைஞர்கள் குடியை விட்டது அந்த நடையில்தான் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த மதத்துக்காரரின் வாசலுக்குப் போகும்போது பொறுப்பு பல மடங்கு கூடுகிறது. தனியாக இருக்கும் முதியவரிடம் முதல் சந்திப்பிலேயே மரணத்தைப் பற்றிப் பேசியதை நான் ஏற்க மாட்டேன்.

சாரோன் எழுதியது:

பிரஸ்தாபி சகோதரர் சொன்னது அத்தனையும் எனக்குத் தெரியும். நான் அதற்குள் பிறந்து வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட பாவாடையோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கதவு திறந்ததும் பத்திரிகையை நீட்ட வேண்டியது என் வேலை. சிறுபிள்ளை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். ஒரு நாள் திறந்தவள் என் வகுப்புத் தோழி. மறுநாள் பள்ளியில் நான் யாரோடும் பேசவில்லை.

ஏன் போகிறார்கள் என்று கேட்டால், உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருப்பதற்காக என்று சொல்வேன். ராட்னி ஸ்டார்க், வில்லியம் பெய்ன்பிரிட்ஜ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1980இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அது இதேபோல வீடு வீடாகப் போகும் இன்னொரு சபையான மார்மன்களின் அமெரிக்க ஊழியர்களைப் பற்றியது. அறிமுகமில்லாத கதவைத் தட்டியதில் ஆயிரத்தில் ஒருவர்தான் சேர்ந்தார். நண்பர் வீட்டில் வைத்துச் சந்தித்தவர்களில் பாதிப்பேர் சேர்ந்தார்கள். ஆள் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்தக் கணக்குக்குப் பிறகு கதவை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. திரும்பத் திரும்பக் கதவு சாத்தப்படும்போது, வெளியே இருப்பது முழுவதும் எதிரியின் உலகம், சபையில் மட்டும்தான் அன்பு என்று ஒரு பிள்ளையின் மனதில் பதிந்துவிடுகிறது. எனக்குப் பதிந்தது. மாதக் கடைசியில் எத்தனை மணி நேரம் ஊழியம் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் மூப்பர் அன்பாக விசாரிப்பார். 2023 நவம்பரில்தான் பெரும்பாலானவர்களுக்கு அந்த மணிக்கணக்கை எடுத்தார்கள்.

நான் வெளியே வந்துவிட்டேன். சபைநீக்கம் செய்யப்பட்டேன்; அப்படி நீக்கப்பட்டவரோடு சபையார் பழகுவதில்லை. அம்மா இன்று என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வாசலில் வேண்டாம் என்று சொல்பவரிடம் நீங்கள் புன்னகைத்துவிட்டுப் போகிறீர்கள். உள்ளே இருந்து வேண்டாம் என்று சொன்னவளுக்கு அந்தப் புன்னகை ஏன் இல்லை?

பிரஸ்தாபி எழுதியது:

மணிக்கணக்கை எடுத்த பிறகும் நாங்கள் போகிறோம். சீட்டுக்காகப் போயிருந்தால் இந்நேரம் தெருக்கள் காலியாக இருந்திருக்கும். ஆயிரத்தில் ஒன்று என்பது எங்களைச் சோர்வடையச் செய்யாது. ஊதச் சொல்லப்பட்டவன் எத்தனை பேர் விழித்தார்கள் என்று எண்ணிவிட்டு எக்காளத்தைக் கீழே வைக்க முடியாது. பெருந்தொற்றில் உயிருக்கு ஆபத்து இருந்ததால் கதவை விட்டோம். கடிதத்துக்குப் பதில் எழுதுபவர் அரிது. முகத்தைப் பார்த்தால்தான் ஒருவருக்கு என்ன வேதனை என்று தெரிகிறது.

சபைநீக்கம் 1 கொரிந்தியர் 5ஐ ஒட்டியது. வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். என் அண்ணன் மகனும் அப்படி விலகியவன். மனந்திரும்பி வர வேண்டும் என்ற ஏக்கத்தால்தான் அதைச் செய்கிறோம். கூட்டத்துக்கு வந்தால் அவர்களை வரவேற்று ஓரிரு வார்த்தை பேசலாம் என்று 2024இல் சொல்லப்பட்டது. ஞானஸ்நானம் எடுத்தவர் தெரிந்தே வாக்குக் கொடுத்தவர். வாசலில் நிற்பவர் எங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

சாரோன் எழுதியது:

வாக்குக் கொடுத்தபோது எனக்குப் பதினான்கு வயது.

வைகைக்கரை எழுதியது:

வழக்காடி ஐயா சொன்னதை யோசித்தேன். அம்மாவிடம் அவர்களைச் சேர்க்காதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் அடுத்த முறை வரும்போது விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் உட்காரப் போகிறேன். மூன்று விஷயங்களைக் கேட்பேன். அப்பாவைப் பற்றிய குறிப்பை அழிக்க வேண்டும். நான் இல்லாத நேரத்தில் வரக்கூடாது. இந்தப் பாதையில் போய்ப் பிறகு திரும்பினால் என்ன நடக்கும் என்பதை அம்மா காதுபடச் சொல்ல வேண்டும்.

பிரஸ்தாபி எழுதியது:

கேளுங்கள் ஐயா. முதலாவதை அவர்கள் உடனே செய்ய வேண்டும். இரண்டாவது உங்கள் அம்மாவின் விருப்பம். மூன்றாவதை யாரும் மறைப்பதில்லை. எங்கள் பைபிள் படிப்புப் புத்தகத்தில் அதற்கென்றே பாடம் இருக்கிறது, ஞானஸ்நானத்துக்கு முன்பே வந்துவிடும்.

சாரோன் எழுதியது:

அறுபது பாடம் உள்ள புத்தகத்தில் அது கடைசிப் பகுதியில் வருகிறது. அந்த இடத்தை அடையும்போது அந்த அம்மாவுக்கு வாரந்தோறும் பேச வருகிற தோழிகள் அவர்கள் மட்டுமாக இருப்பார்கள். வைகைக்கரை ஐயா, மூன்றாவது கேள்வியை முதலில் கேளுங்கள்.