புதுப்பிப்பு: அம்மாவின் போனில் எம்எம்எஸ் படம் வந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, அட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அம்மாவின் போனுக்கு எஸ்எம்எஸ் வருகிறது, நான் அனுப்பும் எம்எம்எஸ் படங்கள் மட்டும் இறங்குவதில்லை என்று. சரியாகிவிட்டது. ஏபிஎன்னை, அதாவது சிம் நிறுவனத்தின் டேட்டாவோடு போனைச் சேர்க்கும் அமைப்பை, பார்க்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

புது சிம் போட்டபோது இணையத்துக்கான ஏபிஎன் மட்டும் தானாக வந்திருக்கிறது, எம்எம்எஸ்சி (எம்எம்எஸ்ஸை வாங்கி அனுப்பும் சர்வர்) முகவரிக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது, அதனால்தான் யூடியூப் ஓடியும் படம் இறங்கவில்லை. லீவில் வீட்டுக்குப் போனபோது, சிம் நிறுவனத்திடம் கேட்டு எம்எம்எஸ்சி, ப்ராக்ஸி, போர்ட் மூன்றையும் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் போட்டு, ஏபிஎன் வகையில் எம்எம்எஸ் என்பதையும் சேர்த்து, போனை ஒருதரம் அணைத்துப் போட்டேன்.

அப்புறம், யூடியூப் பார்க்காத நேரமெல்லாம் அம்மா காசு மிச்சம் பிடிக்க மொபைல் டேட்டாவை அணைத்தே வைத்திருந்தார், அதையும் போட்டுவிட்டேன். பெரும்பாலான போன்களில் அது இல்லாமல் எம்எம்எஸ் இறங்காது, வைஃபை இருந்தாலும் சரி. இதை யாரும் முதலில் பார்ப்பதில்லை, முதலில் பார்க்க வேண்டியதே இதுதான்.

அம்மா இருக்கும் லயத்து வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். அதனால் திரும்பி வந்ததும் படத்தை 300 கேபிக்குள் சுருக்கி அனுப்பினேன். அம்மா வாசல் படிக்கட்டில் நின்று திறந்து பார்த்துவிட்டு உடனே அழைத்தார்: "பிள்ளைக்கு பல்லு முளைச்சிருக்கே!"