வெளிநாட்டு வீட்டில் பூண்டு தட்டவும் அரைக்கவும் எது வாங்கலாம்?

கேள்வி: சேலத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து இப்பதான் வாடகை வீடு கிடைச்சிருக்கு. அம்மி, இடிகல்லு எதுவும் இல்ல. ரசத்துக்குப் பூண்டு தட்டணும், தட்டுவடை செட்டுக்கு (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய், சட்னி வச்சது) கார சட்னி அரைக்கணும். இங்க விக்கிற, ஓட்டை வழியாப் பூண்டைப் பிழியுற பூண்டு பிரஸ் ஒண்ணு வாங்கினா ரெண்டுக்கும் ஆகுமா? இல்ல, ஊர்லிருந்து கல்லு கொண்டு வரச் சொல்லட்டுமா?

பதில்: பிரஸ் ரெண்டுக்குமே சரிப்படாதுங்க. முழுப் பூண்டுல காரம் கிடையாது. செல் உடையுறப்பதான் பூண்டுல இருக்கிற அல்லின்ங்கிற பொருளும் அல்லினேஸ்ங்கிற நொதியும் ஒண்ணு சேர்ந்து அல்லிசின் உண்டாகுது. அந்தக் காரமும் வாடையும் அதோடது. நைசா உடைக்க உடைக்கக் காரம் ஏறும். ரசத்துக்கு மெதுவா இறங்கணும், அதனால தட்டினா போதும். சட்னி பச்சையா சாப்பிடறது, மைய அரைக்கணும். பிரஸ்ல வர்றது ரசத்துக்கு ரொம்ப நைசு, சட்னிக்குத் திப்பி.

முதல்ல ஒரு கருங்கல் இடிகல்லு வாங்குங்க. ஊர்லிருந்து வர வேண்டியதில்ல, தாய்லாந்து, வியட்நாம் சாமான் விக்கிற ஆசியக் கடைகள்ல கிடைக்கும். உள்வாய் 12, 13 செ.மீ. இருக்கணும். அதுக்குக் குறைஞ்சா பூண்டு வெளிய தெறிக்கும். உள்பக்கம் கையில சொரசொரன்னு படணும். அழகா இருக்குன்னு பளிங்குக்கல் வாங்காதீங்க: பூண்டு வழுக்கும், எலுமிச்சை, புளி பட்ட இடம் அரிச்சுப் போகும். மரத்துல வாடை ஊறிடும்.

புதுக் கல்லுல உடனே இடிக்கக் கூடாது. ஒரு கைப்பிடி பச்சரிசி போட்டு அரைங்க, சாம்பல் நிறமா மாவு வரும். கொட்டிட்டு மறுபடி அரைங்க. மாவு வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க, இல்லேன்னா ரசத்துல கல்லுப்பொடிதான் நரநரக்கும். கடைசியா நாலு பல் பூண்டு, உப்பு, சீரகம் வச்சு அரைச்சு எறிஞ்சுடுங்க. சோப்பு போடாம தண்ணியும் பிரஷும் வச்சுக் கழுவுங்க. இடிக்கிறப்ப அடியில ஈரத்துண்டை நாலா மடிச்சுப் போட்டா கல்லும் நகராது, கீழ் வீட்டுக்குச் சத்தமும் குறையும். அங்க ராத்திரி 10 மணிக்கு மேல இடிக்க வேண்டாம்.

ரசத்துக்கு வரிசை முக்கியம். நாலு பேருக்கு மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன் முதல்ல காய்ஞ்ச கல்லுல இடிங்க. ஏற்காட்டு மிளகு கையில இருந்தா அதுக்குத்தான் எடுத்து வைங்க. அப்புறம் பூண்டைத் தோலோட போட்டு ரெண்டே தட்டு. பூண்டை முதல்ல போட்டா ஈரத்துல மிளகு ஒட்டிக்கிட்டு முழுசாவே நிக்கும்.

இன்னொரு பதில்: சட்னிக்கு மிக்சிதான் நடைமுறை. ஜெர்மனியில 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்ம ஊர் மிக்சி அப்படியே ஓடும். எர்த் உள்ள அடாப்டர் மட்டும் போதும். அமெரிக்கா, கனடான்னா 120 வோல்ட், அங்க 110 வோல்ட்னு போட்டு விக்கிற மாடலாத்தான் வாங்கணும்.

பூண்டை எண்ணாதீங்க, எடை போடுங்க. ஊர்ப் பூண்டு ஒரு பல் ஒண்ணு, ரெண்டு கிராம். அங்க கிடைக்கிற பெரிய பல் அஞ்சு கிராமுக்கு மேலயும் போகும். காய்ஞ்ச மிளகாய் 8, பூண்டு 25 கிராம், உப்பு அரை டீஸ்பூன். மிளகாயை வெந்நீர்ல 20 நிமிஷம் ஊற வச்சு, நல்லா ஆறின பிறகு உப்போட அரைங்க. சூட்டுல நொதி செத்துடும், பூண்டுல காரம் வராது. பூண்டு கடைசியாத்தான். சின்ன சட்னி ஜார்லதான் இந்த அளவு பிளேடுக்குச் சிக்கும். தண்ணி ரெண்டு டேபிள்ஸ்பூனைத் தாண்டக் கூடாது, தட்டுவடை நமத்துப் போகும். எலுமிச்சை பிழியறதா இருந்தா அரைச்சுப் பத்து நிமிஷம் கழிச்சு. புளிப்பு முன்னாடியே சேர்ந்தா காரம் எழும்பாது. பூண்டு சில நேரம் நீலப்பச்சையா மாறும், கெட்டது இல்ல, தாராளமா சாப்பிடலாம். பல்லுக்குள்ள பச்சை முளை இருந்தா கீறி எடுத்துடுங்க, பச்சைச் சட்னியில கசக்கும்.

மூணாவது பதில்: கல்லு வர்ற வரைக்கும் அகலமான கத்தி போதும். பூண்டு மேல கத்தியைப் படுக்க வச்சு, கூர் பக்கம் வெளிய பாத்த மாதிரி, உள்ளங்கை அடிப்பாகத்தால அழுத்துங்க. தோல் தானா கழண்டுடும். கல்லுப்பு ரெண்டு சிட்டிகை தூவி கத்தியாலயே இழுத்துத் தேய்ச்சா விழுதாயிடும். பீங்கான் கத்தி, மெல்லிசான ஜப்பான் கத்தியில இதைச் செய்யாதீங்க, விளிம்பு சில்லு சில்லா உடையும்.

பிரஸ் ஏற்கனவே வாங்கிட்டா தோலோடயே போடலாம், தோல் உள்ளேயே தங்கிடும். எவர்சில்வர் பாத்து வாங்குங்க. அலுமினியம் பாத்திரம் கழுவுற மெஷின்ல கறுத்துப் போகும். பிழிஞ்ச உடனே தண்ணியில போடுங்க, காய்ஞ்சா ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். பிரஸ்ல பிழிஞ்சதைத் தாளிப்புல போட்டா நொடியில கருகிக் கசக்கும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா: வாரத்துக்குச் சேர்த்து அரைச்சு எண்ணெய் ஊத்தி வெளிய வைக்காதீங்க. காத்துப் படாத எண்ணெய்க்குள்ள பொட்டுலிசம்ங்கிற, உயிருக்கே ஆபத்தான உணவு விஷத்தை உண்டாக்குற கிருமி வளரும், வாடையில தெரியாது. ஃபிரிட்ஜ்ல 4 டிகிரிக்குக் கீழ வச்சு நாலு நாளுக்குள்ள முடிச்சுடுங்க. அதுக்கு மேல வேணும்னா ஐஸ் தட்டுல ஒரு ஸ்பூன் அளவா ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க. ஊர்லிருந்து கல்லு வந்தே ஆகணும்னா பெரிய பெட்டியில துணி சுத்தி வைங்க. கைப்பையில வச்சா பாதுகாப்புச் சோதனையில எடுத்து வைக்கச் சொல்ல வாய்ப்பு அதிகம்.