துவக்கு உள்ள வீட்டில் சின்னப் பிள்ளைகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வெல்லாவெளிப் பக்கம், இரண்டு பிள்ளைகளின் தாய்

மாமாவின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பன்னிரண்டு போர் (bore) துப்பாக்கி, ஒற்றைக் குழல். ஒவ்வொரு வருசக் கடைசியிலும் டிசம்பர் 31க்கு முன் அதைப் புதுப்பிக்க அலைவார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர்களுக்கு இது புதினம் இல்லை. பெரும்போகக் கதிர் முற்றுகிற நேரம் பன்றி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால்தான் அந்த இரவு கழியும். ஆனால் அதே வீட்டில் ஆறு வயதில் ஒருவனும் மூன்று வயதில் ஒருத்தியும் ஓடித் திரிகிறார்களே, அதுதான் எனக்கு யோசனை.

முந்தி துவக்கு கூரை வளையில் சொருகியபடி இருக்கும். "எட்டாது புள்ள" என்பார் மாமா. அறுவடை முடிந்து நெல் மூடைகளை அந்தச் சுவரோடு அடுக்கியதும், மகன் மூடைக்கு மேல் மூடையாக ஏறி வளையில் கை வைத்துக்கொண்டு நின்றான். மாமாவே பார்த்துவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. அடுத்த கிழமை அவரே மட்டக்களப்புக்குப் போய் ஓர் இரும்பு அலுமாரி வாங்கி வந்தார். இப்போது துவக்கு வெறுமையாக அதற்குள் இருக்கிறது. தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பெட்டியில். இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு, தனித்தனித் திறப்பு.

அப்புறம்தான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை. நில், தொடாதே, அந்த இடத்தை விட்டு விலகு, பெரியவரிடம் போய்ச் சொல். இந்த நாலையும் மகன் இரண்டே நாளில் பாடமாக்கி விட்டான், தங்கச்சிக்கும் பாட்டாகப் பாடிக் காட்டினான். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. வெடித்து முடிந்த தோட்டாக் கோது ஒன்றைக் கிணற்றுக் கட்டடியில் போட்டுவிட்டு, குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தான், கண்டான், குனிந்து எடுத்தான், காற்சட்டைப் பைக்குள் போட்டான். "துவக்குச் சாமான் கண்டா என்ன செய்யணும் மனே?" என்று அன்று பின்னேரம் கேட்டேன். பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு நாலையும் வரிசை தவறாமல் ஒப்புவித்தான்!

கோது என்றால் இங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். கீழுதட்டில் வைத்து ஊதினால் விசில் வரும். பெரியவர்களே பொறுக்கிக் கொடுப்பார்கள். வெடித்த கோதின் வாய் திறந்திருக்கும், வெடிக்காததன் வாய் மடித்து மூடியிருக்கும். மற்றபடி இரண்டும் ஒரே சிவப்புப் பிளாஸ்டிக், ஒரே பித்தளை அடி. ஆறு வயதுப் பிள்ளை வாயைப் பார்த்தா பிரிக்கப் போகிறது? அதனால் எங்கள் வீட்டில் வெறுங்கோதும் விளையாட்டுக்கு இல்லை. மாமா வயல் வட்டையிலிருந்து வரும்போது எண்ணிக் கொண்டு வந்து தருவார்.

அதற்குப் பிறகு பாடமாக்கச் சொல்வதை விட்டுவிட்டு, செய்யப் பழக்கினேன். எங்காவது ஒரு கோது கிடக்கும். கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி ஓடி வரவேண்டும். எடுத்தால் ஏச்சு இல்லை, அதே இடத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பச் செய்யவைப்பேன். வந்து சொன்னால் ஒரு கச்சான் அல்வா. நாள் குறித்துச் செய்யக் கூடாது, அவன் மறந்திருக்கிற நேரம் பார்த்துச் செய்யவேண்டும். உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

திருக்கோவில்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை அக்கா. கதைக்கக் கதைக்கப் பிள்ளைக்கு ஆசைதான் கூடும். எங்கள் அப்பாவும் துவக்கு வைத்திருந்தவர். எங்கே வைத்தார் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதுதான் பாதுகாப்பு.

வாகரைப் பக்கம், ஆரம்பப் பிரிவு ஆசிரியர்

தம்பி, உங்களுக்குத் தெரியாது என்று உங்கள் அப்பா நினைத்திருப்பார். உண்மையிலேயே தெரியாதா?

ஒளித்து வைப்பதைப் பற்றி 2001இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 8 முதல் 12 வயது ஆண்பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாக ஓர் அறையில் விட்டு, லாச்சிக்குள் நிசமான கைத்துப்பாக்கி ஒன்றைச் சுடாதபடி செய்து வைத்திருந்தார்கள். பெரும்பாலான குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. கையில் எடுத்தார்கள், சிலர் விசையையும் இழுத்தார்கள். எடுத்தவர்களில் அநேகர் முன்பே எங்கேயோ பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள். வெல்லாவெளி அக்கா சொல்கிற அந்த நாலு வரியும் அங்கே 1988 முதல் ஒரு கழுகுக் கதாபாத்திரத்தை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுவதுதான். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துப் பின்னர் சோதித்தபோது, வாயால் சொன்னவர்கள் தனியே துவக்கைக் கண்டதும் சொன்னபடி நடக்கவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பத் திரும்பச் செய்து பழகியவர்கள்தான் தேறினார்கள். கிணற்றடியில் அக்கா கண்டதும் இதைத்தான்.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பிக் குடியேறிய காலத்தில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக் கொடுத்தது மிதிவெடியும் வெடிக்காத ஷெல்லும்தான். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அந்தப் பக்கம் போகாதே என்று படம் கீறிக் காட்டுவோம். 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றி முடித்ததாக அறிவிக்கப்பட்டது. அதோடு பலகையும் போனது, பாடமும் மெல்ல மெல்லப் போனது. 2017இல் பிறந்த பிள்ளைக்கு மண்டையோட்டுப் பலகை என்றால் என்னவென்றே தெரியாது. மழைக்குப் பிறகு வாய்க்கால் கரையிலோ, புதிதாக உழுத நிலத்திலோ துருப்பிடித்த எதையாவது கண்டால் தட்டிப் பார்க்கிற வயது அது. நான் இப்போதும் வருசத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குகிறேன். பாடத்திட்டத்தில் இல்லை என்று ஒருவரும் என்னைக் கேட்கவும் இல்லை.

சம்மாந்துறை

துவக்கு எங்கள் வீட்டில் இல்லை. யானையை விரட்ட எறிகிற யானை வெடி இருக்கிறது, வனசீவராசித் திணைக்களம் கொடுப்பது. வாப்பா வயலுக்குக் காவல் போகும்போது கொண்டு போவார். அதைப் பட்டாசு என்று நினைத்துக் கொண்டிருக்கிற பிள்ளைகள்தான் எத்தனை! கை மொத்தத்துக்கு இருக்கும், திரியோ கட்டை. பெரிய ஆளே பற்றவைத்த கையோடு எறிந்துவிட வேண்டும்.

போன சிறுபோகத்தில் தங்கச்சியின் மகன் வரம்பில் கிடந்த ஒன்றை எடுத்து வந்திருக்கிறான். இரவு எறிந்து வெடிக்காமல் விட்டது. நனைந்தால் செத்துவிட்டது என்று நாங்கள் நினைக்கிறோம், காய்ந்தால் திரும்பவும் வெடிக்கக் கூடும். அவன் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்து கடதாசியை உரித்து, மருந்தைச் சிரட்டையில் கொட்டி, நெருப்புக் குச்சியும் கிழித்துவிட்டான். குபீர் என்று எழும்பியதில் புருவமும் முன்மயிரும் கருகியதோடு போனது, அல்ஹம்துலில்லாஹ். உம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுவார்.

இப்போது வாப்பா காலையில் வெளிச்சம் வந்ததும், எறிந்தது எத்தனை, வெடித்தது எத்தனை என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் வயலை விட்டு வருவார். கணக்கு இடித்தால் அன்றைக்குப் பிள்ளைகள் வயல் பக்கம் போகத் தடை.

அக்கரைப்பற்று

பெருநாளைக்கு வாங்கிக் கொடுக்கிற பிளாஸ்டிக் துவக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போடுகிற அந்தச் சின்ன உருண்டை கண்ணில் பட்டால் கண் போகும். எங்கள் வீட்டில் ஒன்றுதான் சட்டம்: விளையாட்டுத் துவக்கானாலும் ஆளின் முகத்துக்கு நேரே நீட்டினால் அன்றோடு அது அலுமாரிக்கு மேலே. நிசத்துக்கும் பொய்க்கும் இப்போது வித்தியாசமே தெரியாத அளவுக்குக் கறுப்பு நிறத்தில் செய்கிறார்கள்.

வெல்லாவெளிப் பக்கம் (திரும்பவும்)

திருக்கோவில் தம்பிக்கு: ஆசை கூடும் என்று எனக்கும் பயம் இருந்தது. மாமாதான் ஒரு பகலில் மகனை முற்றத்துக்குக் கூப்பிட்டு, துவக்கை மடித்துத் திறந்து, வெறுங்குழலால் வெளிச்சத்தைப் பார்க்கவிட்டார். பாரம் தெரியட்டும் என்று தன் கையோடு சேர்த்துப் பிடிக்கவும் விட்டார். "பாக்கணும்னா என்னட்டக் கேளு மனே, நான் காட்டுவன். தனியப் பாக்கப் போகப்படா" என்றார். இரண்டு முறை கேட்டான், இரண்டு முறையும் காட்டினார். மூன்றாம் முறை கேட்கவில்லை, சைக்கிள் பழகப் போய்விட்டான்.

வயல் காவல் வாடியில்தான் இன்னும் சிக்கல். அங்கே அலுமாரி இல்லை, பரணும் ஒரு பாயும்தான். காவல் இரவுகளில் பிள்ளைகள் வாடியில் தங்குவதில்லை என்று வைத்திருக்கிறோம். பரணால் இறங்க முதல் மாமா தோட்டாவைக் கழற்றி மடிக்குள் கட்டிக்கொள்வார். பிள்ளையை உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்ப முன், "உங்கட துவக்கு எங்க இருக்கு?" என்று கேட்கவும் பழகிக்கொண்டேன். பெரிய மாமி ஒருவர் அதற்கு முகத்தைச் சுளித்தார், சரி, சுளிக்கட்டும்.

மகனுக்குப் பதினாலு வயதானதும் வெடி வைக்கப் பழக்குவேன் என்று என் கணவர் நிற்கிறார். நான் மாட்டேன் என்று நிற்கிறேன். அந்தச் சண்டைக்கு இன்னும் எட்டு வருசம் இருக்கிறது.