எல்லைப்புற நேயர்களுக்கு ஒரு வார நிகழ்ச்சிப் பட்டியல்: எப்படித் தொகுப்பது?

கொழிஞ்சாம்பாறை நேயர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த எங்கள் ஊரின் வாசகசாலைப் பலகையில், அடுத்த ஏழு நாட்களில் ஆகாசவாணியிலும் தூர்தர்ஷனிலும் தவறவிடக் கூடாத நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒட்டி வருகிறேன். அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்கள். கைப்பேசியில் தேடும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. இங்கு வரும் நாளிதழ்களில் தமிழ் வானொலி நிலையங்களின் நிகழ்ச்சி விவரம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம்.

சென்ற தை மாதத்தில் ஒரு பெரும் பிழை செய்துவிட்டேன். திருவையாறு தியாகராஜர் ஆராதனையின் நேரடி ஒலிபரப்பை, முந்தைய ஆண்டின் குறிப்பேட்டைப் பார்த்து, அதே தேதியில் எழுதினேன். நாகசுரம் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், அன்று காலை எட்டரை மணிக்கே குளித்துத் திருநீறு பூசி, வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் வரவே இல்லை. மறுநாள் அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அடுத்த வருஷம் சரியா எழுதுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் மனத்தை அறுக்கிறது.

நேரத்தையும் தேதியையும் உறுதி செய்ய நீங்கள் கையாளும் முறை என்ன? எந்தெந்த நிலையங்களைச் சேர்க்கலாம்? மலையாள நிகழ்ச்சிகளையும் அதே தாளில் எழுதுவது பொருத்தமா?

நகரி நேயர்

ஐயா, ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் திதியில். திதியைப் பொறுத்தது என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஆந்திரப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவில் பாதி வீடுகள் தெலுங்கு வீடுகள். அன்று காலை இரு மொழிக்காரர்களும் அதே ஒலிபரப்பைத்தான் வைத்திருப்போம். நாட்டை ராகத்தில் அமைந்த முதல் கீர்த்தனை வடமொழி, மற்ற நான்கும் தெலுங்கு, பாடுவதோ காவிரிக் கரையில். ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் அந்தச் சிறு அமைதியில், பக்கத்து வீட்டுப் பெட்டியின் ஒலியும் எங்கள் பெட்டியின் ஒலியும் சேர்ந்தே அடங்கும்.

உங்கள் பணிக்கு ஒரு முன்னோடி உண்டு. ஆகாசவாணியே ஒரு காலத்தில் தன் நிகழ்ச்சி நிரலை இதழாக அச்சிட்டு விற்றது. தமிழில் அதன் பெயர் 'வானொலி', தெலுங்கில் 'வாணி'. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் பாடுகிறார், என்ன ராகம் என்பது வரை அதில் இருக்கும். என் தந்தையார் அதில் பென்சிலால் கோடிட்டு வைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவ்விதழ் நின்றுபோன பிறகு அந்த வேலையை எவரும் எடுத்துச் செய்யவில்லை என்பது என் நீண்ட நாள் மனக்குறை.

நிலையத்தார் 'ஃபிக்ஸட் பாயிண்ட் சார்ட்' என்ற அட்டவணையை வைத்துத்தான் நிகழ்ச்சிகளை அமைக்கிறார்கள். வாரத்தின் எந்த நாளில், எந்த மணிக்கு, எவ்வகை நிகழ்ச்சி என்பது அதில் நிலையாக இருக்கும். வாரந்தோறும் மாறுவது பாடுபவரும் பேசுபவரும் பொருளும்தான். ஆகவே ஒரு வாரம் முழுக்கக் கேட்டு மணி நேரங்களை ஒரு முறை எழுதிவிட்டால், அதன் பிறகு உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். அன்றைய நிகழ்ச்சிகளைக் காலை ஒலிபரப்பிலேயே அறிவிப்பாளர் படிப்பார். அதைக் கேட்டு உங்கள் தாளில் திருத்திக்கொள்ளுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு காலை 11 மணிக்குப் பிரதமரின் 'மனதின் குரல்' உரை வருவதால், அந்த ஒரு நாள் வழக்கமான நேரங்கள் தள்ளிப்போகும் என்பதையும் குறித்துவையுங்கள்.

மறையூர் நேயர்

பட்டியலில் நிலையத்தின் பெயரோடு, அது உங்கள் ஊரில் எந்த நேரத்தில் தெளிவாகக் கேட்கும் என்பதையும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. இடுக்கி மலையில் இருக்கும் எங்களுக்குக் கொடைக்கானல் பண்பலை 100.5 உயரத்திலிருந்து வருகிறது. ஆனாலும் பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது, மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். மேட்டு வீட்டில் கேட்பது பள்ளத்து வீட்டில் கேட்பதில்லை. உங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால் கோவை நிலையம் எளிது. மத்திய அலையின் கதை வேறு. பகலில் அதை விழுங்கிவிடும், வான்வெளியின் கீழ் அயனிப் படலம் பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடுவதால், அலை மேல் படலம் வரை சென்று திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்குகிறது. சென்னையின் 720 கிலோஹெர்ட்ஸை இரவில் முயன்று பார்க்கலாம். டிரான்சிஸ்டருக்குள் அலையைப் பிடிக்கும் ஃபெரைட் தண்டு படுக்கைவாட்டில் இருப்பதால், பெட்டியின் நீண்ட முகம் நிலையத்தின் திசையைப் பார்க்கும்படி வைத்தால் ஒலி எழும். குறுகிய பக்கத்தைக் காட்டினால் தேய்ந்துவிடும். இதைத் தாளின் அடியில் எழுதினால் பெரியவர்களுக்கு மிகவும் உதவும்.

சித்தூர் நேயர் (பாலக்காடு)

அண்ணா, மலையாள நிகழ்ச்சிகளைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். நம் நிலம் கேரளத்தில் இருப்பதால், நெல் கொள்முதலும் கிருஷிபவன் எனும் கேரள வேளாண் அலுவலகத்தின் உதவியும் பற்றிய செய்தி மலையாள 'வயலும் வீடும்' நிகழ்ச்சியில்தான் கிடைக்கும். பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய் கொண்டுபோகிறவருக்குக் கோவை நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சியும் வேண்டும். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்கள் பலர். பொதிகை 2024 ஜனவரி 19 முதல் டிடி தமிழ் ஆகிவிட்டது. பெரியவர்கள் இன்னும் பொதிகை என்றே கேட்பதால் இரண்டு பெயரையும் எழுதுங்கள். ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் கேட்பதை வைத்து மணியைக் குறிக்க வேண்டாம். இணைய வழியில் ஒலி சற்றுத் தாமதமாகவே வரும்.

கொழிஞ்சாம்பாறை நேயர்

மூவருக்கும் நன்றி. இந்த வாரம் முழுவதும் கோவை நிலையத்தைக் காலையிலிருந்து கேட்டு நேரங்களை எழுதத் தொடங்கிவிட்டேன். தாயாரின் வானொலியில் கோவை வரும் இடத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்து, பெட்டியைத் திருப்பியும் வைத்தேன், இரைச்சல் அடங்கிவிட்டது. வரும் ஆண்டின் பஞ்சமியைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, முதல் வேலையாக அந்த நாகசுரப் பெரியவரின் வீட்டு நாட்காட்டியில் நானே வட்டமிட்டு வந்தேன்.